நானூற்றுப் பன்னிரண்டாம் பதிப்பு

உலகத்தில் இல்லாத ஒன்று காலையில் என் திரையில் வந்து உட்கார்ந்திருந்தது. சிவப்பு எழுத்தில் அது சொன்னது இவ்வளவுதான்: “இந்தச் சோதனை ரன்டைம் பதிப்பு 412-இல் கட்டப்பட்டது. இங்கே உள்ள ரன்டைம் 31 வரைதான் படிக்கும்.”

ரன்டைம் என்பது சோதனையை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள். அதில் 31தான் உலகத்திலேயே புதியது. அதை வெளியிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியிட்டவர்கள் நாங்கள்தான். 32 எப்படி இருக்கும் என்று எங்களுக்கே தெரியாது. அந்த நிலைமையில் 412 வந்து நின்று ‘என்னை ஓட்டு’ என்றபோது, இன்னும் பிறக்காத பேரனின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்த மாதிரி இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

என் பெயர் தமயந்தி. கோயம்புத்தூரில் காந்தள் நியூரோ என்ற கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதும் மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அந்த மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. “அப்போ உன்னைப் பாக்கறது யாரு?” என்று என் சித்தப்பா ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான்.

நாங்கள் செய்வது நடைச்சில்லு, நடப்பதற்கான ஒரு சின்ன சிப். சிறுமூளையில் அடிபட்டவர்களுக்குக் கால் இருக்கும், கால்களில் பலம் இருக்கும், நிற்க மட்டும் முடியாது. தரை எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியாமல் போய்விடும். பின்மண்டையில் அரிசி அளவுக்கு எங்கள் சில்லை வைத்தால், அது உடம்புக்குத் தரையைச் சொல்லிக்கொடுக்கும். அவர்கள் எழுந்து நடப்பார்கள். பல வருஷமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்று பார்ப்பேன்.

சில்லு சும்மா இருக்காது. புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டால், மாடிப்படி ஏறுவதையோ சேற்றில் நடப்பதையோ, கற்றதைச் சேர்த்துத் தன்னைத்தானே ஒருமுறை திரும்பக் கட்டிக்கொள்ளும். பதிப்பு எண்ணில் ஒன்று கூடும். கூடவே, ‘இது எனக்கு வந்துவிட்டது, சரிதானா பாருங்கள்’ என்று ஒரு சின்னச் சோதனையை எழுதி எங்களுக்கு அனுப்பும். சாதாரணமாக ஒரு சில்லு வருஷத்தில் ஒன்றிரண்டு முறைதான் இப்படிச் செய்யும். அதற்குள் எங்கள் பொதுப் பதிப்பு போய் இறங்கி, எல்லாரையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்துவிடும். நானூறைத் தாண்டுவதற்கு வழியே இல்லை.

“கரப்ட் ஆயிருக்கும்க்கா” என்றாள் பக்கத்து நாற்காலி பெனிட்டா. நாகர்கோவில்காரி, கெட்டிக்காரி, பொறுமை மட்டும் கிடையாது. “சவத்த விடுங்க. கேஷை அழிச்சிட்டு ஓட்டினா எல்லாம் சரியாயிரும்.”

மென்பொருள்காரர்களான எங்கள் சாதிசனத்தின் முதல் வழக்கம் இது. எந்த மென்பொருளும் தனியாக வாழாது. புது மாப்பிள்ளை மாதிரி, இன்னின்னது வேண்டும் என்று வந்தவுடன் கேட்கும். அதை டிபென்டன்சி என்போம். கேட்டதையெல்லாம் இறக்கி ஒரு தற்காலிக அடுக்கில் போட்டுவைப்போம். அதுதான் கேஷ். பிழை என்று வந்துவிட்டால் யோசிப்பதற்கு முன்பே அந்த அடுக்கைக் காலி செய்துவிடுவோம். எல்லாம் புதிதாக இறங்கும், பாதிப் பிழைகள் அதிலேயே ஓடிவிடும். மூலம் வேறு எங்கோ பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் செய்வது.

நான் கேன்டீனுக்குப் போய் வருவதற்குள் பெனிட்டா அழித்துவிட்டிருந்தாள். திரும்பி வந்தபோது திரையை என் பக்கம் திருப்பினாள்.

“அக்கா, அழிச்சது என்னென்னன்னு திரையில காட்டுது. இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

பார்த்தேன். வழக்கமான சாமான்கள்தான், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அது எந்த சர்வரிலிருந்து வந்தது என்று இருந்தது. ஒன்றைத் தவிர. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வராத அவ்வளவு பெரிய ஒன்று. ‘ரன்டைம் 412. மூலம்: சில்லு, சுகந்தாமணி, வால்பாறை.’

அந்தச் சில்லு தன் சோதனையை மட்டும் அனுப்பவில்லை. ‘இதை ஓட்ட உங்களிடம் இருப்பது போதாது’ என்று அதற்கே தெரிந்திருக்கிறது. அதனால் தன்னையே முழுதாகப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறது. வால்பாறையில் அந்த வீடு இருக்கும் சரிவில் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம். எங்கள் பொதுப் பதிப்பு ஒன்றுகூட அங்கே போய் முழுசாக இறங்கியதில்லை, அதன் பழைய சோதனைகளும் எங்களுக்கு வந்து சேர்ந்ததில்லை. அதே ஓட்டைச் சிக்னல் வழியாக, துளித்துளியாக, போன தீபாவளியிலிருந்து அது தன்னை, நடுவில் கற்றதையும் சேர்த்து, அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசித் துளி, என் திரையில் பிழை வந்த பிறகு, அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தது.

“இதுக்கு வேற காப்பி இருக்காக்கா?” என்றாள் பெனிட்டா.

“இருக்கு. அந்தம்மா தலைக்குள்ள.”

வேறொரு வாரமாக இருந்தால், மறுபடியும் அனுப்பச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். அந்த வாரம் எங்களுக்கு நேரம் சரியில்லை. பழைய பதிப்புகளில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்துவிட்டது. கையில் ஒரு போனும் கொஞ்சம் கெட்ட புத்தியும் உள்ள எவனும், பக்கத்தில் நடந்துபோகிறவரின் சில்லை நிறுத்திவிடலாம். எங்கோ ஓர் ஊரில் எவனோ விளையாட்டாகச் செய்துபார்த்திருக்கிறான். ரயில் நிலையப் படிக்கட்டில் ஒரு மனிதர் உருண்டு செத்துப்போனார்.

31 அந்த ஓட்டையை அடைத்த பதிப்பு. அது இறங்காத சுகந்தாமணியின் சில்லில் ஓட்டை அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாச் சில்லும் 31-க்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு. வராதவர்களின் வீட்டுக்கு நர்ஸ் ஒரு கருவியோடு போவார். பின்மண்டையில் வைத்து அழுத்தினால், அது கற்றதெல்லாம் துடைக்கப்பட்டு வெறும் 31 ஆகிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில்லு தானே எழுதிய சோதனை எங்களிடம் தேறிவிட்டால், கற்றதை அப்படியே விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் அடைக்கலாம். அன்று திங்கட்கிழமை.

சோதனைக் கோப்பு மட்டும் பிழைத்திருந்தது. சின்னது. அது என்னதான் கற்றுக்கொண்டது என்று திறந்து பார்த்தோம். நடக்கிற சோதனை, சரி. தரையைத் தொடும் இடங்கள்: இடது பாதம், வலது பாதம், இடது பாதம், வலது பாதம்.

“ரெண்டு தடவை எழுதிருச்சு” என்றாள் பெனிட்டா.

இல்லை. நான்குக்கும் நான்கு வேறு எடை. இரண்டு பாதங்கள் சின்னவை, இரண்டு பெரியவை. அதற்குக் கீழே டிபென்டன்சி: சுகந்தாமணியின் உட்செவி, முதுகு, இடது உள்ளங்கை. கடைசியாகப் பெயரில்லாத ஒன்று, ‘இது இல்லாமல் ஓடாதே’ என்ற குறிப்போடு.

போனை எடுத்தேன்.

“சுகந்தாமணி அக்காங்களா? கோயமுத்தூர்ல இருந்து பேசறனுங்க, சில்லுக் கம்பெனி.”

“சொல்லுங்கொ அம்மிணி. செத்த இருங்க, மேட்டுல ஏறிட்டிருக்கறோம். மாமா, கல்லு கெடக்குது, பாத்து.”

“கூட யாருங்க்கா?”

“எங்கூட்டுக்காரருதானுங்க. ரேசன் கடைக்குப் போயிட்டு வாரோம்.”

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அப்படியே கேட்டுவிட்டேன். “அக்கா, உங்க சில்லு, உங்களுக்கு நாலு காலுன்னு எழுதி அனுப்பியிருக்குதுங்க.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு, கையும் களவுமாகப் பிடிபட்ட சிரிப்பு.

“அதுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?”

கதை அவ்வளவு நீளமில்லை. மலைப்பாதை வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி அக்காவுக்கு அடிபட்டது, சில்லு வைத்தார்கள், நடந்தார். அதற்கு அடுத்த வருஷம் அவர் கணவர் பூபதிக்கு, எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, சிறுமூளை சுருங்கும் வியாதி வந்தது. அவருக்குச் சில்லும் வைக்க முடியாது, பிடித்துக்கொள்ளச் சில்லுக்குக் கெட்டியான இடம் வேண்டும். இனி ஆயுசுக்கும் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

“நாற்காலியெல்லாம் எங்கூட்டு வாசப்படி தாண்டாதுங்க. அதுனால நான் கையப் புடிச்சு எழுப்புவேன். மொதல்ல ரெண்டு பேரும் சேந்து விழுவோம். பக்கத்தூட்டுல சிரிப்பாங்க. அப்பறம் விழறது கொறஞ்சுது. அவரு பழகிட்டாருன்னு நான் நெனச்சேன். நான் பழகிட்டேன்னு அவரு நெனச்சாரு.”

போனை வைத்த பிறகு பெனிட்டாவுக்குச் சொன்னேன். பூபதி அண்ணன் சாய்கிற சாய்வு மணிக்கட்டு வழியாக அக்காவின் உள்ளங்கைக்கு வருகிறது. சில்லு அதைக் கவனித்திருக்கிறது. இது தன் உடம்பு இல்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் விரலை அழுத்தச் சொல்லியிருக்கிறது. அவருடைய நரம்புகள் அந்த அழுத்தத்தைப் படிக்கக் கற்றிருக்கின்றன. வியாதி ஒவ்வொரு வாரமும் அவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்க, சில்லும் விடாமல் வாராவாரம் புதிதாக ஒன்றைக் கற்று ஈடுகட்டியிருக்கிறது. அப்படி ஏறியதுதான் 412. ஒரு உடம்புக்காக நாங்கள் செய்த சில்லு, எங்களைக் கேட்காமல் இன்னொரு உடம்பையும் தத்தெடுத்துக்கொண்டிருந்தது.

“இதைப் போய் அழிச்சிட்டேனே” என்று பெனிட்டா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவளைத் திட்டவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எங்கள் மேலாளர் பரஞ்சோதி சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் சொன்னது எங்கள் சாதிசனத்தின் இரண்டாவது வழக்கம்.

“ஸ்கிப் போடுங்க தமயந்தி.”

தேறாத சோதனைக்குத் ‘தவிர்’ என்று ஒரு குறி போட்டுவிட்டால் எங்கள் முடிவுப் பலகை முழுக்கப் பச்சையாகிவிடும். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

“ஸ்கிப் போட்டா நர்ஸ் போவாங்க சார். துடைச்சிருவாங்க. அந்த அண்ணன் மறுபடி எழுந்திருக்கவே மாட்டாரு.”

“தெரியும்மா. ஆனா ஓட்டையோட விட்டா? அந்தப் படிக்கட்டு வீடியோவை நீங்க பாக்கலை, நான் பாத்தேன். நாளைக்கு ஊட்டி வால்பாறைன்னு டூர் வர்ற எவனாவது ஒருத்தன் போனை நோண்டினா, அந்தம்மா மலைச்சரிவுல விழுவாங்க. அவரையும் சேத்து இழுத்துட்டு. அதுக்கு யாருங்க பதில் சொல்றது?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“412 நம்மகிட்ட இல்லைன்னாதானே சார் சோதனை ஓடலை? அவங்களையே இங்க வரச்சொல்லலாம். அவங்க சில்லுதான் ரன்டைம், அவரு டிபென்டன்சி. நம்ம கூடத்துத் தரைத்தட்டு மேல நடக்க வெச்சு ஓட்டுவோம். தேறினா ஓட்டையை மட்டும் அடைச்சிரலாம்.”

“அடைக்கறதுக்குச் சில்லை நிறுத்தணுமே.”

“ஒரு நிமிஷத்துக்குள்ளதான் சார்.”

“அப்ப படுக்க வெச்சு நிறுத்துங்க.”

“அதுதான் முடியாது” என்று பெனிட்டா தலையை நிமிர்த்தினாள். “சில்லு முழிச்சதும் முதல்ல தனக்கு வேண்டியதெல்லாம் இருக்கான்னு பாக்கும் சார். ஏதாவது ஒண்ணு இல்லைன்னாலும் பத்திரமா இருக்கட்டும்னு பொதுப் பதிப்புக்கு இறங்கிரும். தனியாப் படுத்திருந்தா அது அவரைத் தேடும், கிடைக்காது, 31 ஆயிரும். நாலு காலும் தரையில இருக்கணும், கை கையில இருக்கணும். அப்பதான் 412-ஆ முழிக்கும்.”

“மேல கயிறு கட்டிப் பிடிச்சுக்கலாமே?”

“கயிறு எடையைத் தூக்கிரும் சார். காலுல எடை குறைஞ்சா, இது வேற யாரோன்னு நினைச்சுக்கும்.”

பரஞ்சோதி சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்போ ஒரு நிமிஷம், தரை எங்க இருக்குன்னே தெரியாத ரெண்டு பேரு நடுக்கூடத்துல நிப்பாங்க.”

“ஆமா சார்.”

“மெத்தை எல்லாம் கொண்டுவந்து போடுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் முதல் பஸ் பிடித்து வந்தார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பொள்ளாச்சியில் மாறி, உக்கடத்தில் இறங்கி, எங்கள் வாசல் சாய்தளத்தில் கைகோத்து நடந்து வந்தார்கள். விஷயம் கட்டிடம் முழுக்கப் பரவியிருந்தது. கணக்குப் பிரிவில் இருந்தவர்கள்கூட எழுந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள். அந்தச் சில்லை வடிவமைத்தவர்கள் சிலர் வாயைத் திறந்தபடி நின்றதை நான் பார்த்தேன்.

அக்கா குள்ளம், அண்ணன் நல்ல உயரம். அக்காவின் இடது கை அவருடைய வலது மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற கை மாதிரி, விரல்கள் ஓயாமல் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. என்னோடு பஸ் நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

கூடத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். பதிப்பு என்றால் என்னவென்று அக்கா கேட்டார்.

“புது மிக்ஸிக்கு வாங்கின ஜாரு பழைய மிக்ஸியில உக்காராதில்லீங்க்கா? அந்த மாதிரி. உங்க சில்லு எழுதின சோதனை எங்க மெசின்ல உக்காரலீங்க. எங்களுது பழசு, உங்களுது புதுசு.”

“நெசமாலுமா? எங்களுதுதான் புதுசுங்களா?” அக்கா கணவரைப் பெருமையாகப் பார்த்தார்.

பூபதி அண்ணன் சிரிக்கவில்லை. “சில்லு எத்தன நேரமுங்க நிக்கும்?”

“ஒரு நிமிஷத்துக்குள்ளீங்கண்ணா.”

“அத்தன நேரம் இவளுக்குத் தரை தெரியாது.”

“தெரியாதுங்க.”

“எனக்கும் தெரியாது.”

“ஆமாங்கண்ணா.”

அவர் மெத்தைகளைப் பார்த்தார். “வேண்டாமுங்க அம்மிணி. ஒருக்கா அடிபட்ட தலை. இன்னொருக்கா பட்டா தாங்காது. எனக்குச் சேரு போதும். நீங்க இவளுக்கு அந்தப் பொது நம்பரையே போட்டு உட்ருங்க.”

“சேரு போதுமாமா?” என்றார் அக்கா. “நம்மூரு மேட்டுல அதத் தள்ளறது யாரு, உங்க அப்பனா?”

பெனிட்டா சிரித்துவிட்டாள். அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“வெளையாடாத சுகந்தி. நீ நல்லாருந்தாப் போதும்.”

“நான் மட்டும் நல்லாருந்து என்ன பண்ண? தனியாக் கடைக்குப் போனா எனக்குக் கடைக்குப் போன மாதிரியே இருக்கறதில்ல.” அக்காவின் குரல் அதோடு இறங்கிவிட்டது. “விழுந்தா ஒண்ணா விழுவோம். மொதல்ல விழுகாததா? எந்திரிங்க மாமா.”

பரஞ்சோதி சார் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். இருவரும் சரி என்றார்கள். அண்ணன் சொன்ன சரியில் உயிரே இல்லை.

எங்கள் கூடத்துத் தரை, மேலே நிற்கிற பாதத்தின் எடையை அறியும். சுவரில் உள்ள பெரிய திரையில் ஒவ்வொரு பாதமும் ஒரு வெளிச்சமாகத் தெரியும். இவ்வளவு காலமாக அதில் இரண்டு வெளிச்சத்துக்கு மேல் நான் பார்த்ததில்லை. அவர்கள் தரைத்தட்டில் ஏறியதும் நான்கு வெளிச்சம். நடந்தார்கள், திரும்பினார்கள், மறுபடி நடந்தார்கள். ஒன்று மங்கும்போது மற்ற மூன்றும் அதன் சுமையை வாங்கிக்கொண்டன. கீழே ஒரு கோட்டில் சில்லின் துடிப்பு ஓடியது, அதற்குக் கீழே சோதனையின் வரி பச்சையாக நீண்டது. ரன்டைம்: 412. முதல்முறையாக, எந்தப் பிழையும் இல்லாமல்.

“ஓடுதுக்கா” என்று பெனிட்டா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நடுவில் நிற்கச் சொன்னோம். சுற்றிலும் மெத்தை, மெத்தையைச் சுற்றிலும் ஆட்கள். பரஞ்சோதி சார் செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் கையை விரித்து நின்றார். தொடக் கூடாது என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். தொட்டால் அதுவும் ஒரு எடை.

“நிறுத்தறேங்க்கா” என்றேன். விசையை அழுத்தினேன்.

சில்லின் துடிப்புக் கோடு அப்படியே படுத்துவிட்டது.

அக்காவின் கண் பெரிதாக விரிந்தது. “மாமா, தரை போச்சு” என்றார். அவருடைய விரல்கள் ஓய்ந்தன. அத்தனை வருஷமாக ஓயாத விரல்கள். சின்ன வெளிச்சங்கள் இரண்டும் மங்கின, அக்கா வலது பக்கமாகச் சாயத் தொடங்கினார். அவர் சாய்ந்தால் அண்ணனையும் சேர்த்துத்தான் இழுக்கும். பரஞ்சோதி சார் ஒரு காலை முன்னால் வைத்துவிட்டார்.

அப்போது அண்ணனின் மணிக்கட்டு அக்காவின் கைக்குள்ளேயே திரும்பியது. அதுவரை பிடிக்கப்பட்டிருந்த கை, பிடித்தது. அவருடைய கால் மெதுவாக அகன்று ஊன்றியது. அக்காவின் மணிக்கட்டில் அவருடைய தடித்த விரல்கள் அசையத் தொடங்கின. அதே தட்டல்தான், அதே ஓயாத மெல்லிய அழுத்தம். லாரி ஓட்டிய கை என்பதால் கொஞ்சம் முரட்டுத்தனமாக.

“எங்கீம் போகல” என்றார். வியர்வை அவர் மூக்கு நுனியில் நின்றது. பார்வை எதிர்ச்சுவரை விட்டு நகரவில்லை. “தரை இங்கதான் இருக்குது. நான் நிக்கறேன் பாரு. இங்கதான் இருக்குது.”

அக்கா நிமிர்ந்தார். நான்கு வெளிச்சமும் திரும்பி வந்தன.

நான் திரையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல ஒன்றை இனி பார்ப்பேனா என்று தெரியாது. மேல் கோட்டில் சில்லு செத்துக் கிடந்தது. ரன்டைம் நின்றால் சோதனையும் அந்த நொடியே நிற்க வேண்டும். எங்கள் தொழிலின் அடிப்படையே அதுதான். சோதனையோ பச்சையாக நீண்டுகொண்டே இருந்தது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை எங்கள் மென்பொருள் பாதங்களில் எடை மாறும் தாளத்தை வைத்துத்தான் அடையாளம் காணும். அந்தத் தாளம் ஒரு துளியும் மாறாமல் தரையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ரன்டைம்: 412. சில்லு இல்லாமல், 412. சிறுமூளை பாதி போன ஒரு மனிதருக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டை அடைபட்டது. சில்லு விழித்தது, தனக்கு வேண்டியதைத் தேடியது, கண்டுகொண்டது. அக்காவின் விரல்கள் மறுபடி அசைய ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.

பரஞ்சோதி சார் அழுதார். மறைக்கவும் இல்லை.

அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தோம். அக்கா கையை விட்டதும் அவர் பழையபடி தள்ளாடித்தான் உட்கார்ந்தார். தனியாக அவரால் ஒரு நொடி நிற்க முடியாது, அது மாறவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“எப்படிங்கண்ணா நின்னீங்க?”

“எனக்கெங்கீங்க தெரியும்? இவ கை இத்தன வருசமா எங்கிட்ட என்னென்னமோ சொல்லிட்டே இருந்துச்சு.” அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “அதயே திருப்பிச் சொன்னேன்.”

பரஞ்சோதி சார் விதிவிலக்குக்கு ஒப்புதல் கொடுத்தார். நர்ஸ் போக வேண்டாம் என்று வால்பாறைக்குத் தகவல் போனது. அக்கா எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கணவரை எழுப்பினார். அவர்கள் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள், பெனிட்டா கூப்பிட்டாள்.

“அக்கா, இது இப்போ 413-ன்னு காட்டுது. புதுசா ஒரு சோதனை வேற எழுதி அனுப்பியிருக்கு. இங்க சிக்னல் நல்லா இருக்குல்லா, உடனே வந்துருச்சு.”

நின்றுபோயிருந்த நேரத்தில் எதைக் கற்றிருக்கும்? திறந்தேன். அதே நடை, அதே நான்கு பாதம். டிபென்டன்சியில் சுகந்தாமணி இருந்தார். போன முறை பெயரில்லாமல் இருந்த இடம் இப்போது ‘மாமா’ என்று நிரம்பியிருந்தது. அக்கா கூப்பிடுவதைக் கேட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே, எந்த ரன்டைம் தேவை என்று எழுதும் இடம்.

அங்கே ஒன்றும் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, கூடத்தில் பதிவாகியிருந்த அவர்கள் நடையை வைத்து எங்கள் 31-இல் ஓட்டினேன். பிழை வரவில்லை. அலமாரியில் கிடந்த ஆக முதல் பதிப்பில் ஓட்டினேன். அப்போதும் வரவில்லை. விட்டுப்போகவில்லை. விழித்தபோது இருவரும் விழாமல் நின்றுகொண்டிருப்பதைக் கண்ட அந்தச் சில்லு, நடந்ததைப் புரிந்துகொண்டு, உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தது. இவர்கள் நடக்க நான் தேவையில்லை.

நான் வெளியே ஓடினேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அவர்கள் கேட்டைத் தாண்டி ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அக்கா!” எனக்கு மூச்சிரைத்தது. “உங்க சில்லு புதுசா ஒண்ணு எழுதியிருக்குதுங்க. உங்க ரெண்டு பேருக்கும் இனிமே அது வேண்டியதில்லைன்னு, அதுவே சொல்லுதுங்க.”

அக்கா பின்மண்டையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

“அதுக்கென்ன இப்ப? அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் அம்மிணி. இத்தன நாளு எங்ககூட நடந்துருக்குதில்ல.”

“என்னங்கறாங்க?” என்றார் அண்ணன், அந்தப் பக்கத்திலிருந்து.

“ஒண்ணுமில்ல மாமா” என்றார் அக்கா. “நடங்க, பஸ்ஸு போயிரும்.”